காமிக்ஸ் இதழைத் தபாலில் அனுப்ப ஒரு பொட்டலம்: இதுவரை செய்து பார்த்தது

சேகரிப்பில் இருக்கும் காமிக்ஸ் இதழை வெளியூருக்கு அனுப்ப எந்தப் பொட்டலத்தை நம்பலாம் என்று கையால் செய்தே பார்த்துவிடலாம் என இறங்கி சில காலம் ஆகிறது. சோதனைக்கு எடுத்தவை இரட்டையாக இருந்த இதழ்களும், ஏற்கெனவே கிழிந்து யாரும் கேட்காத இதழ்களும்தான். கட்டுவது, வளைப்பது, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுவது, தண்ணீர் தெளிப்பது, அப்புறம் பிரித்து விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது. வேலை இன்னும் முடியவில்லை. ஆனால் ஒரு சாதாரண இதழுக்கு எது போதும், எது போதாது என்பது தெளிவாகிவிட்டது.

எதைக் காப்பாற்றப் போகிறோம் என்பதிலிருந்து தொடங்குகிறேன். காமிக்ஸ் இதழுக்குக் கெட்டி அட்டை கிடையாது. தாள்களை நடுவில் மடித்து இரண்டு பின் அடித்திருப்பார்கள், அவ்வளவுதான். பழைய இதழ் என்றால் உள்ளே செய்தித்தாள் ரகக் காகிதம், மேலே வழவழப்பான மேலட்டை. இதழை லேசாக வளைத்தாலே முதுகில், அதாவது பின் அடித்த மடிப்பு ஓரத்தில், பின்னுக்குப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு விழும். மை உடைந்து அடியிலிருக்கும் காகிதம் தெரிவதுதான் அது. விழுந்தால் விழுந்ததுதான். சேகரிப்பாளர்கள் இதழின் நிலையை 0.5 முதல் 10 வரையிலான அளவுகோலில் மதிப்பிடுகிறார்கள். அதன் மேல் முனையில் 9.8 என்பதற்கும் 9.4 என்பதற்கும் இடையில் இருப்பது இப்படிச் சில கோடுகளும் கொஞ்சம் மழுங்கிய ஒரு மூலையும்தான். படிக்கிற புத்தகத்தை அனுப்புவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அங்கே இருக்கிறது. புத்தகம் போய்ச் சேர்ந்தால் போதும். இது போன நிலையிலேயே சேர வேண்டும்.

முதல் அடுக்கு பை. பாலிப்ரொப்பிலீன் பை பெரும்பாலான இதழ்களுக்குப் போதும். மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறை இன்னும் தெளிவாகவும் விறைப்பாகவும் இருக்கும், பல்லாண்டு சேமிப்புக்கும் நல்லது. பிவிசி பையை மட்டும் தொடவே வேண்டாம். அதை வளையச் செய்யச் சேர்க்கும் வேதிப்பொருள் நாளடைவில் கசிந்து மேலட்டையில் ஒட்டும். பைக்குள் இதழின் பின்னால் அமிலமில்லாத போர்டு ஒன்று, அதாவது இதழ் வளையாமல் தாங்கும் மெல்லிய அட்டை. போர்டின் அளவை இதழின் காலத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்றைய இதழ்களுக்கு 6.75 அங்குல அகலம், 1960களின் இதழ்களுக்கு 7, 1940களின் இதழ்களுக்கு 7.5. உயரம் எல்லாவற்றுக்கும் 10.5. பழைய இதழை இன்றைய அளவுப் பையில் திணித்தால் தபாலில் போவதற்கு முன்பே மூலை மடங்கிவிடும். பெரிய பையில் சின்ன இதழைப் போட்டால் அது உள்ளேயே நகர்ந்துகொண்டிருக்கும்.

பையின் வாயை ஒட்டும் செல்லோடேப்பைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றுகிறது. பெறுபவர் ஆவலோடு டேப்பைப் பிய்த்து, மடிப்பைத் திறந்து, இதழை மேலே இழுப்பார். மடிப்பில் தொங்கும் டேப் அப்போது மேலட்டையைக் கவ்வும். கவ்வினால் வண்ணத்தோடு உரியும். அதனால் நான் செல்லோடேப்பை விட்டு, லேசாக ஒட்டும் மாஸ்கிங் டேப்புக்கு மாறினேன். மடிப்பு போர்டு இருக்கும் பின்பக்கம் வர வேண்டும். டேப்பின் ஒரு முனையைச் சிறிது உள்நோக்கி மடித்து விடுகிறேன். அதைப் பிடித்து இழுத்தால் முழு டேப்பும் ஒரே துண்டாகக் கையோடு வந்துவிடும். வாய் மூடாத மைலார் உறை என்றால் அதை அப்படியே பாலிப்ரொப்பிலீன் பை ஒன்றுக்குள் போட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் இதழ் வழுக்கி வெளியே தலை நீட்டும்.

அடுத்து கார்ட்போர்டு. நான் அதிகமாக உட்கார்ந்து பார்த்தது இதைத்தான். சாதாரணப் பெட்டி அட்டையை வெட்டிப் பார்த்தால் இரண்டு தாள்களுக்கு நடுவில் அலை அலையாக ஒரு தாள் ஓடுவது தெரியும். அந்த அலையின் வரிகள் எந்தத் திசையில் ஓடுகின்றனவோ அந்தத் திசையில் மடிப்பு சுலபமாக விழும். வரிகளுக்குக் குறுக்கே மடக்க வேண்டுமென்றால் நல்ல பலம் வேண்டும். ஒரு துண்டை எடுத்து இரண்டு பக்கமும் வளைத்துப் பார்த்தாலே கைக்குத் தெரிந்துவிடும். இரண்டு அட்டைகளுக்கு நடுவில் இதழை வைத்து, இரண்டிலும் வரிகள் ஒரே பக்கமாக ஓடும்படி கட்டினேன். இரண்டு மேசைகளுக்கு இடையே பாலம் போல வைத்து நடுவில் அழுத்தினால் ஒரு திசையில் அசைய மறுத்தது, மறு திசையில் சட்டென்று மடிந்தது. உள்ளே இருந்த இதழும் கூடவே மடிந்தது. ஓர் அட்டையை மட்டும் 90 பாகை திருப்பி வரிகள் குறுக்கும் நெடுக்குமாக வரும்படி வைத்ததும் இரண்டு திசையிலும் நின்றது. கூடுதல் செலவு இல்லை, எடை இல்லை, வெட்டும்போது கவனித்தால் போதும். இந்தச் சோதனை முழுவதிலும் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பயன் இதுதான் என்பேன்.

அட்டையின் அளவு 9க்கு 12.5 அங்குலம். பையோடு சேர்த்து இதழ் ஏறக்குறைய 7க்கு 10.5 வரும். நான்கு பக்கமும் ஒவ்வோர் அங்குலம் மிஞ்சும். பொட்டலம் மூலை மோதி விழும்போது நசுங்குவது அந்த ஓர் அங்குலம்தான். இதழின் அளவுக்கே அட்டையை வெட்டி அனுப்புகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் அட்டை நசுங்கும் இடத்திலேயே இதழின் மூலையும் இருக்கும்.

ஆனால் அந்த ஓர் அங்குலம் காலியாகவே இருந்தால்தான் பலன். அட்டைகளுக்கு நடுவில் இதழ் நழுவி ஓரத்துக்கு வந்துவிட்டால் விளிம்பு இருந்தும் இல்லாததுபோலத்தான். இதற்கு முதலில் காகிதப் பட்டைகளைப் போட்டுப் பார்த்தேன். இதழின் மேலே குறுக்காக ஒரு பட்டை, நெடுக்காக ஒன்று, பட்டையின் முனைகளை மட்டும் அட்டையில் ஒட்டுவது. பசை பையைத் தொடாது என்பது இதன் நல்ல பக்கம். குலுக்கிப் பார்த்தால் கொஞ்சம் நகர்ந்தது. பட்டையை இறுக்கினால் நகரவில்லை, ஆனால் இதழ் நடுவில் அழுந்தியது.

பிறகு ஒரு சட்டம் செய்து பார்த்தேன். அதே 9க்கு 12.5 அளவில் மூன்றாவதாக ஓர் அட்டை, நடுவில் பையின் அளவுக்கு ஒரு சன்னல். சன்னலுக்குள் இதழ், கீழே ஓர் அட்டை, மேலே ஓர் அட்டை. ஒற்றை அலை அட்டை 3 மில்லிமீட்டர் அளவுக்கு வரும். போர்டோடு சேர்ந்த ஒரு மெல்லிய இதழும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதனால் மேலிருந்து வரும் பாரத்தைச் சட்டம் தாங்குகிறது, இதழ் அழுந்துவதில்லை. பக்கவாட்டில் நகர இடமில்லை. நடுவில் அசையக் கூடாது, மூலையை எதுவும் தொடக் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாகத் தருவது சட்டம் மட்டும்தான். சன்னலின் நான்கு மூலைகளையும் சிறிது வெளிப்புறமாக வெட்டிவிட்டால் இதழின் முனைகள் அட்டையில் உரசவும் செய்யாது. வெட்டுவதற்கு நேரம் பிடிக்கும், கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். விலை உயர்ந்த ஒற்றை இதழ் என்றால் அந்த நேரத்தைத் தயங்காமல் கொடுக்கலாம். மலிவான இதழுக்குக் காகிதப் பட்டையே போதும்.

போட்டுப் பார்த்த சோதனையில் வேறுபாடு நன்றாகத் தெரிந்தது. அட்டை இல்லாமல் மெத்தை வைத்த தபால் உறை மட்டும் போட்ட இதழை மூலை கீழே வரும்படி போட்டதும் மூலை மடங்கியது. இரண்டு அட்டை போட்டதில் அட்டையின் மூலை நசுங்கியது, இதழுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அதையே திரும்பத் திரும்பப் போட்டபோது இதழ் மெல்ல நழுவிக்கொண்டு வந்தது. சட்டம் வைத்ததில் இதழ் வைத்த இடத்திலேயே இருந்தது.

பபிள் ராப் எங்கே வர வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். பையின் மேல் நேராகச் சுற்றினால், மேலே பாரம் ஏறும்போது குமிழிகளின் வட்டம் வட்டமான தடம் மேலட்டையில் பதியலாம். அட்டைகளுக்கு வெளியேதான் அதற்கு வேலை. சுற்றிய பிறகு ஒரு பெட்டிக்குள் வைத்து, எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் வரும்படி கசக்கிய காகிதத்தை நிரப்புகிறேன். தெர்மகோல் மணிகளை நிரப்பிப் பார்த்ததில் திருப்தி இல்லை. குலுங்கும்போது மணிகள் ஒதுங்கி வழிவிடுகின்றன, தட்டையான பொருள் கத்தி இறங்குவதுபோல இறங்கிப் பெட்டியின் சுவரைத் தொட்டுவிடுகிறது. பெட்டியை மூடிக் காதருகே குலுக்கிப் பார்க்கிறேன். ஏதாவது சத்தம் கேட்டால் திறந்து இன்னும் கொஞ்சம் காகிதம்.

நிறைய இதழ்களை ஒன்றாக அனுப்புவது வேறு கணக்கு. முதுகுப் பக்கம் எப்போதும் கொஞ்சம் தடிமன். எல்லா முதுகும் ஒரே பக்கம் வரும்படி அடுக்கினால் அடுக்கு சாய்ந்துகொண்டே போகும், மேலே இருக்கும் இதழ்கள் வளைந்துதான் நிற்கும். அதனால் ஒன்றை இடமாக, அடுத்ததை வலமாக மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். ரப்பர் பேண்ட் கூடவே கூடாது. விளிம்பில் வெட்டும், பழசானால் இளகி ஒட்டும். அடுக்கை முழுத் தாளில் சுற்றி, மேலும் கீழும் குறுக்கு வரிசை அட்டை வைத்து, டேப்பை இறுக்காமல் ஒட்டுகிறேன். இறுக்கினால் ஓரங்கள் உள்ளே வளையும்.

ஈரத்துக்கு ஒரு தடித்த பாலித்தீன் பை அல்லது ஜிப் பை. அட்டைகளைச் சேர்த்து ஒட்டிய பிறகு அதற்குள் போட்டு மூடுகிறேன். வெளிப்பெட்டி ஊறும் அளவுக்குத் தண்ணீர் தெளித்து ஓர் இரவு விட்டதில் பெட்டி துவண்டுபோனது, உள்ளே எல்லாம் உலர்ந்தே இருந்தது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது கட்டினால் அந்த ஈரத்தையும் சேர்த்துப் பூட்டி அனுப்புகிறோம். போர்டும் கார்ட்போர்டும் அதை உறிஞ்சி வளையும், இதழும் அதோடு வளையும். உலர்ந்த நேரமாகப் பார்த்துக் கட்டி, ஜிப் பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வைப்பது நல்லது. அது காமிக்ஸ் பைக்கு வெளியே இருக்கட்டும், உள்ளே இருந்தால் புடைத்துக்கொண்டு தடம் போடும். செய்தித்தாளை உள் அடுக்கில் வைப்பதையும் தவிர்க்கிறேன், மை ஒட்டும்.

பிரிப்பதையும் பொட்டலத்தின் ஒரு பகுதியாகவே நினைக்கிறேன். எங்கு பார்த்தாலும் டேப் சுற்றிய பொட்டலத்தைக் கண்டால் யாரும் கத்தியைத்தான் எடுப்பார்கள். கத்தி எவ்வளவு ஆழம் போகும் என்பது நம் கையில் இல்லை. அதனால் அட்டைகளை இரண்டு பக்கங்களில் மட்டும், முனை மடித்த டேப்பால் ஒட்டுகிறேன். ‘கத்தி வேண்டாம், இங்கே இழுக்கவும்’ என்று அட்டை மேல் பெரிதாக எழுதுகிறேன். பெறுபவரின் முகவரிச் சீட்டு ஒன்று உள்ளேயும் போகிறது. வெளியே ஒட்டியது கிழிந்து போனாலும் யாருடையது என்று தெரியும்.

கட்டுவதற்கு முன் படம் எடுத்து வைக்கிறேன். நேர் வெளிச்சத்தில் முதுகுக் கோடுகள் மறைந்துவிடும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் ஒவ்வொன்றும் தெரியும். நண்பர் ஒருவருக்குச் சட்டம் வைத்த பொட்டலத்தை அனுப்பி, பிரிக்கும்போது அவரையும் அதே மாதிரி சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுக்கச் சொன்னேன். வெளிப்பெட்டியின் ஒரு மூலை உள்ளே குழிந்திருந்தது, யாரோ அதன் மேல் பாரம் வைத்த அடையாளமும் இருந்தது. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதழில் புதிதாக ஒரு கோடுகூட இல்லை. பார்த்ததும் மனம் நிறைந்துபோனது.

மதிப்பீடு செய்து கெட்டி பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்த இதழ்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே வளைவு பயமில்லை, விரிசல்தான் பயம். இரண்டு பெட்டிகள் ஒன்றோடொன்று மோதினால் இரண்டுக்கும் கேடு. ஓயாமல் குலுங்கினால் பெட்டிக்குள்ளேயே இதழ் ஆடி மூலை கெடுவதும் உண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பபிள் ராப்பில் சுற்றி, நடுவில் அட்டை வைத்து, நிற்கும் வாக்கில் வெளிப்பெட்டியில் வைப்பது வரை வந்திருக்கிறேன்.

இப்போது கையில் இருப்பது பெரிய அளவு இதழ்கள், 10க்கு 14 அங்குலம் அளவுக்கு வருபவை. அட்டை பெரிதாகப் பெரிதாக நடுவில் வளைவது சுலபமாகிவிடுகிறது, குறுக்கு வரிசை இரண்டு அட்டை போதவில்லை. மெல்லிய ஹார்ட்போர்டு வைத்தால் நிற்கிறது, ஆனால் எடை ஏறுகிறது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று அட்டைகளைத் திசை மாற்றி மாற்றி ஒன்றோடொன்று ஒட்டி, மேலே பாரம் வைத்துக் காயப் போட்டிருக்கிறேன். காய்ந்ததும் அதே இரண்டு மேசை, அதே அழுத்தம்.