முன்பாரம், பின்பாரம், ஓர் ஆட்டுக்கல்

எங்கள் பிக்கப்பின் பாடியில் ஏழு மாதமாக ஓர் ஆட்டுக்கல் கிடக்கிறது. அத்தையுடைய கல். ஊருக்குள் இருந்த பழைய வீட்டை இடித்தபோது, தோட்டத்து வீட்டில் போட்டுக்கொள்ளலாம் என்று ஏற்றி வந்தோம். ஏற்றும்போது இடிக்க வந்தவர்கள் நான்கு பேர் கை கொடுத்தார்கள். இறக்கும்போது நானும் வீட்டுக்காரரும் மட்டும். "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் அவர். அந்த நாளை இன்னும் வரவில்லை.

வண்டி ஓட்டுவது நான்தான். அவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. வெள்ளகோவிலுக்கும் மூலனூருக்கும் நடுவே எங்கள் தோட்டம். தென்னை கொஞ்சம், முருங்கை கொஞ்சம், நான்கு மாடு. "கார் லைசென்ஸ வெச்சுக்கிட்டு லோடு வண்டி ஓட்டலாமாம்மிணி?" என்று கேட்காத ஆள் இல்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் அதே லைசென்ஸ் போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதற்கப்புறமும் கேட்கிறார்கள், அது வேறு கதை.

ஓட்டக் கற்றது ஒரு வாரம். ஏற்றக் கற்றுக்கொண்டதுதான் நாளாயிற்று.

இரண்டு வருடம் முன்பு, சித்திரை மாதம். பிஏபி என்கிற பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன வாய்க்காலின் கடைமடை நாங்கள். எங்களுக்குத் தண்ணீர் வருவது சாமி வரம் கொடுக்கிற மாதிரி. கிணறும் கைவிட்டபோது, பெரியப்பா தோட்டத்து போர்வெல்லிலிருந்து மாடுகளுக்குத் தண்ணீர் சுமந்தேன். ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி. குழாய் திறக்க வசதியாக இருக்கட்டும் என்று பின் டோரை ஒட்டி வைத்துக் கட்டினேன். பாரம் அதிகமாக வேண்டாமே என்று முக்கால் தொட்டிதான் பிடித்தேன். இரண்டுமே தப்பு.

வாய்க்கால் பாலம் ஏறும்போது ஸ்டியரிங் கையில் கனமே இல்லாமல் போனது. திருப்பினால் வண்டி அரை நொடி யோசித்துவிட்டுத் திரும்புகிறது. பாலம் இறங்கி பிரேக் போட்டால், நின்ற வண்டியைத் தண்ணீர் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளுகிறது. பக்கத்தில் மாமா உட்கார்ந்திருந்தார். எழுபத்தெட்டு வயது. பாலம் தாண்டும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்:

"பின்பாரம் ஆயிப்போச்சம்மிணி."

"அப்படின்னா என்னங்க மாமா?"

அவர் வாலிபத்தில் பாரவண்டி ஓட்டியவர். பருத்தியும் எருவும் ஏற்றியிருக்கிறார். மாட்டுவண்டிக்கு இரண்டே சக்கரம். அச்சுக்கு முன்னால் பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். அது முன்பாரம். பின்னால் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும், மாட்டை நுகத்தடியோடு பூட்டுகிற பூட்டாங்கயிறு அதன் தொண்டையை இறுக்கும். அது பின்பாரம். கொஞ்சம் முன்பாரமாக இருப்பதை மாடு தாங்கும், பின்பாரத்தில் மூச்சு முட்டிவிடும் என்றார். ஏற்றி முடித்ததும் நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார்களாம். லேசாகக் கனக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிக்கப்பில் தூக்கிப் பார்க்க நுகத்தடி இல்லை. ஆனால் கணக்கு அதேதான். பின்சக்கரத்து அச்சுக்குப் பின்னால் கனம் போனால் முன்சக்கரங்கள் தரையைப் பிடிக்காது. இப்போது தொட்டியைக் கேபினை ஒட்டி வைக்கிறேன், முழுக்க நிரப்புகிறேன். ததும்ப இடம் இருந்தால்தானே தண்ணீர் தள்ளும். குழாய்க்கு ஆறடி ஹோஸ் வாங்கிப் போட்டேன், தீர்ந்தது.

எடைக் கணக்கு இன்னொரு தலைவலி. நம் ஊரில் எல்லாம் மூட்டைக் கணக்கு. "இருவது மூட்டைதானுங்க" என்பார்கள். எந்த மூட்டை? சிமெண்ட் 50 கிலோ. யூரியாவும் முன்பு 50 தான், 2018-இலிருந்து 45. அரிசிச் சிப்பம் 26. அந்த ஒரு கிலோ எங்கிருந்து வந்தது என்றால், 2022 ஜூலையில் 25 கிலோ வரைக்கும் உள்ள பைக்கு ஜிஎஸ்டி போட்டார்கள், வியாபாரிகள் ஒரு கிலோ சேர்த்துக் கட்டிவிட்டார்கள். பிண்ணாக்கு, தவிடெல்லாம் மூட்டையில் என்ன அச்சடித்திருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் கூட்ட வேண்டும்.

கண்ணை நம்பவே கூடாது. முருங்கைக்காயைக் கேபின் உயரத்துக்கு அடுக்கினாலும் வண்டிக்கு உறைக்காது. சோளத்தட்டு அதைவிட மோசம், காற்றுதான் பிடிக்கும், தார்பாய் போட்டு இழுத்துக் கட்டாவிட்டால் பாதி ரோட்டுக்குத்தான். எம்சாண்ட் நேர் எதிர். போன மாதம் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கொட்டகை கட்ட "ஒரு அரை யூனிட் எடுத்தாந்து குடு கண்ணு, பாடியில ஒரு அடிதான வரும்" என்றார். எங்கள் பாடி ஒன்பதடிக்கு ஐந்தரை அடி, ஆக ஓரடி உயரம் என்றால் சுமார் ஐம்பது கன அடி, அரை யூனிட்டும் அதேதான். அவர் சொன்னது சரிதான். ஆனால் ஒரு கன அடி மணல் நாற்பத்தைந்து கிலோவுக்குக் குறையாது. இரண்டேகால் டன். என் வண்டி தாங்குவது 1.3 டன். மாட்டேன் என்று சொல்ல முடியாமல் இரண்டு நடையாக அடித்துக் கொடுத்தேன். டீசல் காசு கொடுக்க மறந்துவிட்டார். இதைப் படித்தால் ஞாபகம் வரட்டும்.

ஆட்டுக்கல்லுக்கு வருகிறேன். பாரத்துக்கென்றே செய்த ஸ்பிரிங் பட்டைகள், வெறும் பாடியோடு போனால் வளைந்தே கொடுக்காது. ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கம் குதிக்கும், மழை ஈரத்தில் பிரேக் போட்டால் வால் ஒருபக்கம் இழுக்கும். கல்லைப் பின்சக்கரத்துக்கு நேர் மேலே வைத்து, நகராதபடி இரண்டு பக்கமும் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். அதிலிருந்து குதிப்பு குறைந்திருக்கிறது. குழவியோடு சேர்த்து எழுபது கிலோ இருக்குமா? 1.3 டன் வண்டிக்கு அது ஒரு பாரமா, எல்லாம் உன் நினைப்பு என்கிறார் வீட்டுக்காரர். இருக்கலாம். ஓட்டுவது நான்.

என் பருப்பு வேகாத ஒரே இடம் அத்தைதான். ஆடி நோன்புக்குக் கல்லில் ஆட்டின மாவில்தான் சுடுவேன் என்று நேற்று ஆரம்பித்தார். மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, "அங்கியே வெச்சு ஆட்டச் சொல்லு" என்றார்.