மஷ்ரூம் மறுபடி விரிந்தது: புது லைட், ஏழாவது வாரம்

என் கடல்நீர்த் தொட்டியில் ஒரு மாதமாக வெளிறிச் சுருண்டு கிடந்த மஷ்ரூம் பவளம் நேற்றுக் காலை பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு விரிந்திருந்தது. ஓரத்தில் பழைய சிவப்பும் எட்டிப் பார்க்கிறது. அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தொட்டி அதே இரண்டடிதான். உள்ளே டோட்ஸ்டூல், மஷ்ரூம், ஜோவாந்திட் என்ற, கல் எலும்புக்கூடு இல்லாத பவளங்கள் மட்டும். கல் பவளங்கள் எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. மன்னார் வளைகுடாவில் எடுத்தது என்று யாராவது ஒரு துண்டை நீட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

பழைய டி5 டியூப் லைட்டுகளைக் கழற்றிவிட்டு, 90 டிகிரி லென்ஸ் போட்ட எல்.இ.டி. மாட்டினேன். ராயல் ப்ளூ 60 சதவீதம், வெள்ளை 15. பார்க்க மங்கலாக இருந்தது. போனில் லக்ஸ் ஆப் வைத்துப் பார்த்தால் அதுவும் குறைவாகத்தான் காட்டியது. சரி என்று நீலத்தை 80க்கு ஏற்றினேன். பத்தே நாளில் மஷ்ரூம் வெளிறிவிட்டது.

லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான கணக்கு. நம் கண் கூர்மையாகப் பார்ப்பது 555 நானோமீட்டர் பச்சையை; 450இல் வரும் நீலம் அதற்குச் சரியாக உறைக்காது. பவளத்துக்குள் வாழும் ஜூசாந்தெல்லா பாசிக்கோ அந்த நீலம்தான் சாப்பாடு. 400 முதல் 700 வரையிலான ஒளியை அளக்கும் பி.ஏ.ஆர். மீட்டர்தான் இதற்கு வேண்டும். நண்பரிடம் அபோஜி எம்.க்யூ.-510 மீட்டரை இரவல் வாங்கித் தண்ணீருக்குள் இறக்கினேன். மஷ்ரூம் இருந்த நடுப்பாறையில் 240! அதற்கு 50 இருந்தாலே தாராளம். பின்மூலையில் வெறும் 45. அங்கே ஜோவாந்திட் வெளிச்சம் தேடிக் காம்பை நீட்டிக்கொண்டிருந்தது.

அளப்பதுதான் பெரிய வேலை. சென்சாரை பி.வி.சி. குழாயில் ஜிப் டை போட்டுக் கட்டினேன். குழாய் லேசாகச் சாய்ந்தாலும் 30, 40 மாறிவிடுகிறது. சென்சார் முகம் நேர்மேலே பார்த்தே ஆக வேண்டும். வேவ்மேக்கர் (அலை உண்டாக்கும் பம்ப்) ஓடினால் எண் குதிக்கிறது. அதை நிறுத்திவிட்டு அளந்தேன்; அப்புறம் யோசித்தால், பவளத்துக்குக் கிடைப்பது அலையோடு சேர்ந்த வெளிச்சம்தானே? மறுபடி ஓடவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் பத்து எண் எடுத்து சராசரி போட்டேன். தரையை 12 கட்டமாகப் பிரித்து, மூன்று ஆழத்தில், மொத்தம் 36 புள்ளி. முதல் நாள் எடுத்தது முழுக்க வீண். லைட் கண்ணாடியில் உப்புப் படிந்திருந்ததைக் கவனிக்கவில்லை. ஆர்.ஓ. தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்ததும் அதே புள்ளியில் 15 சதவீதம் கூடியது. ஒரு மாதம் விட்டுத் துடைத்தால் பவளத்துக்கு ஒரே நாளில் அவ்வளவு வெளிச்சம் ஏறும். இப்போது வாராவாரம் துடைக்கிறேன்.

லைட்டை 20 செ.மீ. உயரத்திலிருந்து 38க்குத் தூக்கினேன். நீலத்தை 35க்கு இறக்கி, வாரம் ஐந்து சதவீதமாக ஏற்றி, இப்போது 50. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம். நடுவில் 95, மூலையில் 42. மஷ்ரூமை மூலைக்கும் ஜோவாந்திட்டை நடுவுக்கும் இடம் மாற்றி வைத்துவிட்டேன்.

லைட் விற்ற கடையில் கடைசிவரை வாட்ஸ் கணக்கு மட்டுமே சொன்னார்கள். லென்ஸ் என்ன, எந்த உயரத்தில் எவ்வளவு பரவும் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

உயர்த்தியதில் ஒரு லாபம், ஃபேன் வைக்க இடம் கிடைத்தது. சென்னை வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிக்கொண்டிருந்தது. இப்போது 28இல் நிற்கிறது. ஆவியாவதற்கு ஈடாக தினமும் இரண்டு லிட்டர் ஆர்.ஓ. ஊற்ற வேண்டியிருக்கிறது. தானாகத் தண்ணீர் நிரப்பும் ஆட்டோ டாப்-அப் ஒன்று பார்க்க வேண்டும்.

லைட் இன்னமும் மரக்கட்டைகள் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. வாரக்கடைசியில் கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போய்த் தொங்கவிடும் கம்பி கிடைக்கிறதா பார்க்கிறேன். மீட்டரைத் திங்கட்கிழமை திருப்பித் தர வேண்டும். அதற்குள் 36 புள்ளியையும் இன்னொரு தடவை எடுத்துவிட வேண்டும்.