கொடிமலையில் காது கொடுத்துக் கேட்டால்

பினாங்கு மலைக்கு, நம்மவர்கள் சொல்லும் கொடிமலைக்கு, போகிறவர்களில் பலர் ரயில், முருகன் கோயில், உச்சியிலிருந்து ஜார்ஜ் டவுன் காட்சி என்று பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த மலை இது. காலை ரயிலில் ஏறி, கடைகளைத் தாண்டி, காட்டோரமாகக் கொஞ்சம் நடந்து பாருங்கள்.

பட்டர்வொர்த் மாமாவோடு நான் அப்படித்தான் நடந்தேன். திடீரென்று மேலே கரகரவென்று ஒரு குரல். "நில்லுடா, லோத்தோங் கத்துது. ஏதோ வந்திருக்கு" என்றார் மாமா. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுள்ள இலைக்குரங்கு அது. ஆரஞ்சு நிறக் குட்டியைத் தாய் வெடுக்கென்று இழுத்து அணைத்துக்கொண்டது. பக்கத்து மரத்தில் ஓடிக்கொண்டிருந்த கறுப்பு மலை அணிலும் தண்டோடு ஒட்டிக்கொண்டது. அதன்பிறகுதான் வானத்தில் கழுகு எங்கள் கண்ணில் பட்டது.

குரங்கின் கத்தலில் எவ்வளவு செய்தி இருக்க முடியும்? செய்ஃபார்த், செனி, மார்லர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் கென்யாவின் அம்போசெலியில் வெர்வெட் குரங்குகளின் எச்சரிக்கைக் குரல்களைப் பதிவுசெய்து, அவற்றுக்கே திரும்பப் போட்டுக்காட்டினார்கள். முடிவுகள் 1980இல் வெளிவந்தன. சிறுத்தைக்கான குரலைக் கேட்டவை மரமேறின. கழுகுக்கான குரலுக்கு அண்ணாந்து பார்த்தன. பாம்புக்கான குரலுக்குத் தரையைத் துழாவின. சிறுத்தையும் இல்லை, பாம்பும் இல்லை; வெறும் ஒலிபெருக்கிதான்! எனக்கு இன்றும் சிலிர்க்கும் விஷயம் இது.

துடுப்புவால் கரிச்சான் இன்னும் கெட்டி. மற்றப் பறவைகளின் எச்சரிக்கைக் குரலை அச்சு அசலாகப் பாடிக்காட்டும். சில்வண்டுகளில் ஆண்தான் பாடும்; வயிற்றுப் பக்கமுள்ள சவ்வை அதிரவைத்து அது பெண்ணை அழைக்கிறது. மரத்துக்கு மரம் சறுக்கிப் பறக்கும் கூபோங் என்ற விலங்கு எழுப்பும் மீயொலியோ நம் காதுக்கு எட்டவே எட்டாது.

இத்தனை பேச்சு நடக்கிற இடத்தில் இளைஞர்கள் சிலர் புளூடூத் ஸ்பீக்கரை அலறவிட்டபடி வந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. கழுகு வருகிறது என்ற குரல் பாட்டுச் சத்தத்தில் அமுங்கிப்போனால் பலியாவது குட்டிதான். மாமா அவர்களிடம் போய், "தம்பி, இங்க குரங்குங்க ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கிட்டு இருக்கு, கொஞ்சம் நிறுத்துங்கப்பா" என்று மேலே கைகாட்டினார். உடனே அணைத்துவிட்டார்கள். அதில் ஒருவர், "எங்கண்ணே, எந்த மரத்துல?" என்று கேட்டுக்கொண்டு எங்களோடு நின்றுவிட்டார்.