மீட்டரைப் பார்ப்பதற்கு முன்

முதல் ஆண்டு சர்க்யூட் ஆய்வகம். ஒரு ரெசிஸ்டரையும் ஒரு கெபாசிட்டரையும் தொடராக இணைத்து ஏசி கொடுத்திருந்தோம். ரெசிஸ்டரின் இரு முனைகளில் மீட்டர் 3 வோல்ட் காட்டியது. கெபாசிட்டரில் 4 வோல்ட். சப்ளையில் வைத்தால் 7 வர வேண்டும் அல்லவா? வந்தது 5. வயரை மாற்றினோம், பக்கத்து மேசையில் மீட்டர் கடன் வாங்கினோம். அதுவும் 5 என்றே சாதித்தது. கடைசியில் நோட்டில் "மீட்டர் பழுது" என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனேன்.

ஆய்வக உதவியாளர் அதைப் படித்துவிட்டு, "தம்பி, ஒரு செங்கோண முக்கோணம் போடு" என்றார். 3, 4, 5. எட்டாம் வகுப்புக் கணக்கு!

சுற்றில் உள்ள வோல்டேஜ்களைக் கூட்டினால் சப்ளை வோல்டேஜ் வர வேண்டும் என்ற கிர்க்காஃப் விதி உடையவில்லை. ஒவ்வொரு கணத்திலும் கூட்டினால் கூட்டல் சரியாகத்தான் வரும். ஆனால் அந்த இரண்டு வோல்டேஜும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை, ஒன்றுக்கொன்று கால் சுற்று முன்பின்னாக ஓடுகின்றன. மீட்டருக்கு அந்த முன்பின் தெரியாது, அளவை மட்டும் சொல்லும். (கிர்க்காஃப் அந்த விதிகளை 1845-இல் எழுதியபோது அவரும் மாணவர்தான், வயது 21. இதைப் பின்னால் படித்தபோது கொஞ்சம் பொறாமையாக இருந்தது.)

அதற்கப்புறம்தான் கலப்பெண்கள் (சாதாரண எண்ணும் கற்பனை எண்ணும் சேர்ந்தவை) எதற்கு என்று புரிந்தது: அளவையும் அந்த முன்பின்னையும் ஒரே எண்ணில் எழுதிவிடலாம். அதுவரை அது கணக்கு வாத்தியாரின் விளையாட்டு. 1893-இல் ஸ்டைன்மெட்ஸ் என்ற மின் பொறியாளர் ஏசி சுற்றுகளைக் கலப்பெண்களால் தீர்க்கும் வழியை முன்வைத்தார். அவர் புண்ணியத்தில் நாங்கள் வகையீட்டுச் சமன்பாடுகளோடு மல்லுக்கட்டாமல் சாதாரண அல்ஜீப்ராவில் தப்பித்தோம். தப்பித்தோம் என்று சொல்கிறேனே தவிர, முதல் பருவத்தில் அந்தப் பாடத்தில் நான் ஃபெயில். கரண்டுக்கு ஏற்கெனவே i என்ற எழுத்து போய்விட்டதால் கற்பனை எண்ணுக்கு j என்று எழுதுவார்கள். பரீட்சையில் இரண்டையும் கலந்து எழுதி நானே குழம்பினேன்.

மறுபடி எழுதிப் பாஸானதற்குக் காரணம் படிப்பு அல்ல, அந்த உதவியாளரின் ஒரு பிடிவாதம். "என்ன ரீடிங் வரும்னு முதல்ல எழுது. அப்புறம் சுவிட்சைப் போடு." எண் எழுதாத நோட்டைக் கொண்டுபோனால் மெயின் சுவிட்சைத் தொட விடமாட்டார். தப்பான எண் எழுதினால் ஒன்றும் சொல்லமாட்டார். வெற்றுக் கட்டம் மட்டும் கூடாது. முதலில் எரிச்சலாக இருந்தது. மூன்றாம் பருவத்தில், டிரான்ஸ்ஃபார்மர் சோதனையில், அதன் மதிப்பு தெரிந்தது.

230/115 வோல்ட், 1 கேவிஏ (1000 வோல்ட்-ஆம்பியர்) டிரான்ஸ்ஃபார்மர். ஷார்ட் சர்க்யூட் சோதனைக்கு 115 பக்கத்தைத் தடித்த வயரால் ஷார்ட் செய்துவிட்டு, 230 பக்கத்தில் வேரியாக் (வோல்டேஜைத் திருகி ஏற்றி இறக்கும் கருவி) வழியாக மெதுவாக ஏற்ற வேண்டும். முழு கரண்ட் 1000-ஐ 230-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 4.35 ஆம்பியர். இம்பீடன்ஸ் (ஏசிக்கு அது காட்டும் தடை) 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 230-இல் 5 சதவீதம், அதாவது 11, 12 வோல்ட்டிலேயே அந்தக் கரண்ட் வந்துவிடும். நோட்டில் அதை எழுதியிருந்தேன். என் குழுவிலிருந்த நண்பன் எழுதவில்லை, என் நோட்டைக் காட்டி அனுமதி வாங்கிவிட்டான். வேரியாக் பூஜ்யத்தில் இருக்கிறதா என்றும் பார்க்கவில்லை. முந்தைய குழு அதை முழுக்க ஏற்றிய நிலையில் விட்டுப் போயிருந்தது. சுவிட்சைப் போட்டான். டப்பென்று ஒரு சத்தம், ஃபியூஸ் போயிற்று. 12 வோல்ட் போதும் என்ற இடத்தில் 230 கொடுத்தால் கரண்ட் இருபது மடங்கு, அதாவது 87 ஆம்பியர் அளவுக்கு ஏறப் பார்த்திருக்கும். உதவியாளர் திட்டவில்லை. புது ஃபியூஸ் வயரை அவன் கையில் கொடுத்து, "இப்ப எழுது" என்றார்.

சிக்னல்ஸ் பாடம் தனிக் கொடுமை. உள்ளீட்டிலிருந்து வெளியீட்டைக் கணக்கிடும் கன்வல்யூஷன் என்றால் ஒரு சிக்னலைத் திருப்பிப் போட்டு இன்னொன்றின் மேல் நகர்த்த வேண்டும் என்பார்கள். ஏன் திருப்ப வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கடைசியில் இரண்டு காகிதப் பட்டைகளில், ஒன்றில் உள்ளீட்டின் எண்களையும் இன்னொன்றில் சிஸ்டத்தின் எதிரொலி எண்களையும் எழுதி, ஒன்றைக் கடைசியிலிருந்து முதலாகத் திருப்பி மேசையில் நகர்த்திப் பார்த்தேன். இப்போது வந்த உள்ளீடு சிஸ்டத்துக்குப் புதிது, முன்பு வந்தது பழையது, பழையதன் எதிரொலி பட்டையின் கடைசி எண்ணில் இருக்கிறது. அதனால்தான் திருப்பல். மின்காந்தவியல் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பாஸானேன், அவ்வளவுதான்.

எழுதிவைத்த எண்ணும் மீட்டரும் ஒத்துப்போகாத நாட்கள்தான் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தன. 741 ஆப்-ஆம்ப் என்ற ஐசியில், சிக்னலைப் பத்து மடங்காக்கும் ஆம்ப்ளிஃபையர் கட்டினோம். 1 வோல்ட் உச்சமுள்ள சைன் அலை, 20 கிலோஹெர்ட்ஸ். எவ்வளவு அதிர்வெண் வரை தாங்கும் என்று பேண்ட்வித் கணக்கு போட்டேன்: ஐசியின் 1 மெகாஹெர்ட்ஸை 10-ஆல் வகுத்தால் 100 கிலோஹெர்ட்ஸ், தாராளம். "10 வோல்ட்" என்று எழுதினேன். ஆஸிலோஸ்கோப்பில் வந்தது 6 வோல்ட் சொச்சம், அதுவும் சைன் அல்ல, பள்ளிக்கூடப் பிள்ளை ஸ்கேல் வைத்து வரைந்தது போல நேர்கோட்டு முக்கோணம். டேட்டாஷீட்டைக் கீழிருந்து படித்தபோது ஸ்லூ ரேட், அதாவது வெளியீட்டு வோல்டேஜ் மாறக்கூடிய உச்ச வேகம், கண்ணில் பட்டது: மைக்ரோ நொடிக்கு 0.5 வோல்ட். நான் கேட்டது அதைப்போல இரண்டரை மடங்கு. ஐசி தன்னால் முடிந்த வேகத்தில் ஏறியது, உச்சத்தைத் தொடுவதற்குள் இறங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. கால் சுற்றுக்கு 12.5 மைக்ரோ நொடி, அதை 0.5-ஆல் பெருக்கினால் 6.25 வோல்ட். திரையில் இருந்த அதே எண். அன்று இரவு விடுதிக்கு நடந்து போகும்போது வாய்விட்டுச் சிரித்தேன்.

இறுதி ஆண்டு ப்ராஜெக்ட் 24 வோல்ட் டிசி மோட்டார் கன்ட்ரோலர். மோட்டாருக்குச் சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்களான மாஸ்ஃபெட்டுகளில் ஏற்கெனவே இரண்டைப் புகையாக்கியிருந்தோம் (மேல் பக்க மாஸ்ஃபெட்டை இயக்கும் முனையான கேட்டுக்கு 24-ஐவிடக் கூடுதலாக வோல்டேஜ் வேண்டும் என்பதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம்). புதுப் பலகை வந்ததும் சப்ளையில் கரண்ட் லிமிட்டை 0.2 ஆம்பியரில் வைத்தேன். நோட்டில் "மோட்டார் இல்லாமல் 0.03" என்று எழுதினேன். போட்டதும் கரண்ட் 0.2-இல் முட்டி நின்றது, வோல்டேஜ் படுத்துவிட்டது. அணைத்துவிட்டுத் தேடினோம். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் ஒன்று தலைகீழாக இருந்தது. கழற்றிவிட்டுப் புதிது வைத்து மறுபடி போட்டோம். 0.04.

"எனக்கு இது போதும்" என்றேன். கூட இருந்த தோழி விடவில்லை. "0.03 என்று எழுதியிருக்கிறாய். மிச்சம் 0.01 எங்கே போகிறது?"

அரை மணி நேரம் சர்க்யூட் படத்தைத் தடவினோம். ஐசி ஒவ்வொன்றாகக் கூட்டினோம், ரெசிஸ்டர்களைக் கூட்டினோம். பவர் வருகிறதா என்று காட்டுவதற்காக நானே கடைசி நேரத்தில் சேர்த்த எல்ஈடி, பலகையின் ஓரத்தில் அத்தனை நேரமும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.