மூவிங் பிக்சர்ஸ்: பேஸில் இதுவரை

கனடாவின் ரஷ் என்ற ராக் குழுவின் 'மூவிங் பிக்சர்ஸ்' ஆல்பத்தை பேஸ் கிட்டாரில் வாசித்துப் பழகுகிறேன். இப்போது கையில் இருப்பது மூன்றாவது பாட்டு, 'ஒய் ஒய் ஸெட்'. பாடலே இல்லாத, முழுக்க வாத்திய இசை.

டொரன்டோ விமான நிலையத்தின் குறியீடுதான் தலைப்பு. அந்த மூன்று எழுத்துகளின் மோர்ஸ் ஒலியே (தந்தியில் எழுத்துகளை நீள ஒலி, குற்றொலியாகச் சொல்லும் முறை) தொடக்கத் தாளம். நீள ஒலிக்கு 'தக', குற்றொலிக்கு 'தி' என்று வைத்துச் சொல்லிப் பார்த்தேன்: தக தி தக தக, தக தி தக தக, தக தக தி தி. ஏழு, ஏழு, ஆறு; மொத்தம் இருபது. வாயில் சரளமாக வந்த பிறகுதான் கருவியைத் தொட்டேன். இந்த மூன்றில் எந்த எழுத்தானாலும் நான்கு அடிதான். அதனால் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மாற்றி மாற்றி மீட்டினால் ஒவ்வொரு எழுத்தும் ஆள்காட்டி விரலிலேயே தொடங்கும். இது பிடிபட்டதும் தாளம் நழுவுவது நின்றுவிட்டது.

தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமின் வேகத்தைக் கூட்டியபோது வலது கை தாங்கியது, இடது கைதான் இறுகியது. கட்டைவிரல் அழுத்தத்தைக் குறைத்தால் சரியாகிறது.

அப்புறம், நடுவில் பேஸும் டிரம்ஸும் முறைவைத்து வாசிக்கும் இடம். கெடி லீ ஒரு துணுக்கு வாசிக்க, நீல் பியர்ட் டிரம்ஸில் பதில் சொல்வார். இந்தப் பாட்டை இயற்றியதாகப் பெயர் போட்டிருப்பதும் இவர்கள் இருவருக்குத்தான். அலெக்ஸ் லைஃப்சன் தன் முறைக்காகக் காத்திருந்து, கிட்டார் தனியாவர்த்தனத்தில் அப்படியே உயரே கொண்டுபோகிறார். இத்தனை நிறைவான ஒலிக்கு மூன்றே பேர்! பேஸ், சின்தசைசர், குரல் மூன்றையும் லீயே பார்த்துக்கொள்கிறார். பியர்டின் வாத்தியப் பட்டியலில் ஒட்டுப்பலகைகூட இருக்கிறது. வெளியாள் என்றால், 'விட்ச் ஹன்ட்' பாட்டில் மட்டும் ஆல்பத்தின் அட்டையை வடிவமைத்த ஹியூ சைம் சின்தசைசர் வாசித்தார். ஆல்பம் கனடாவில் கியூபெக்கின் மோரின் ஹைட்ஸில் 1980 இறுதியில் பதிவாகி, 1981 பிப்ரவரியில் வெளிவந்தது. தயாரிப்பில் டெரி பிரவுனும் குழுவும்.

லீயின் அந்த பேஸ் துணுக்குகளில் முதல் இரண்டு சுத்தமாக வருகின்றன. மற்றவற்றில் ஸ்வரங்கள் சரி, ஆனால் முடிக்கும் இடத்தில் அவசரப்படுகிறேன். இப்போது டிரம்ஸின் பதிலையும் வாயால் சொல்லிவிட்டு அடுத்த துணுக்கை எடுக்கிறேன். இடைவெளி சரியாக அமைகிறது. இது நிலைத்ததும் அடுத்த பாட்டு, 'லைம்லைட்'. அதன் முதல் ரிஃபிலேயே (திரும்பத் திரும்ப வரும் இசைத் துணுக்கு) ஏழு எண்ணிக்கை வருகிறது.