டிராயிங்கில் எதைப் படிக்கிறோம்?

பட்டறையில் ஒரு பாகத்தைச் செய்வதற்கான டிராயிங்கைக் கையில் கொடுத்ததும் புதிதாக வரும் பையன்களின் கண் நேராக நடுவிலுள்ள படத்துக்குப் போகும். பெரிய டயா, அதாவது விட்டம், எவ்வளவு, மொத்த நீளம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு கடைசல் இயந்திரமான லேத்தில் ராடை மாட்டக் கிளம்பிவிடுவார்கள். ஐடிஐயில் டர்னர் படித்தவர்கள்தான்; எலிவேஷன், பிளான், செக்‌ஷன் எல்லாம் தெரியும், உருவத்தைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த உருவத்தில் எந்த இடத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது, எந்த இடம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை என்பதும் அதே தாளில்தான் இருக்கிறது. அதைப் படிக்கத்தான் நாளாகிறது. கோவையில் பம்ப், மோட்டார் பாகங்கள் செய்யும் ஜாப் ஆர்டர் பட்டறைகளில்தான் என் வேலைக்காலம் முழுவதும் போயிருக்கிறது. டிராயிங் படிப்பு என்றால் இந்த இரண்டாவது படிப்புதான் என்பது என் உறுதியான எண்ணம்.

மோட்டாரும் பம்ப்பும் ஒன்றாக இருக்கும் மோனோபிளாக் பம்ப்பின் சுழலும் தண்டை, ஷாஃப்ட்டை, எடுத்துக்கொள்வோம். பேரிங் உட்காரும் இடத்தில் 25 கே6 என்று போட்டிருக்கும்; 25 மில்லிமீட்டர் டயா, அது எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்பதற்கான குறி கே6. அட்டவணையைப் பார்த்தால் 25.002 முதல் 25.015 வரை. அங்கே வரப்போகும் 6205 என்ற எண்ணுள்ள பேரிங்கின் உள் டயா 25.000க்கு மேல் போகாது. அதிலிருந்து 10 மைக்ரான் வரை குறையலாம்; ஒரு மைக்ரான் என்பது மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆக எந்த பேரிங்கை எடுத்தாலும் ஷாஃப்ட் அதைவிட ஒரு துளி பெரிசு. பிரஸ்ஸில் தள்ளித்தான் ஏற்ற வேண்டும். அதே ஷாஃப்ட்டின் முனையில் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் உட்காரும் இடத்தில் 20 எச்6, ஆங்கிலச் சின்ன எச். 20.000க்கு மேல் ஒரு மைக்ரான்கூடக் கூடாது, கீழே 13 மைக்ரான் வரை போகலாம். இம்பெல்லரின் துளையோ பெரிய எச்7, அதாவது 20.000 முதல் 20.021 வரை. கையாலேயே ஏறிவிடும், சுற்றுகிற வேலையை இரண்டுக்கும் நடுவே செருகும் சாவி (கீ) பார்த்துக்கொள்ளும்.

இந்த எண்களை மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை. கேள்விதான் கேட்பேன். "தம்பி, இம்பெல்லரை எப்ப கழட்டுவாங்க?"

"சீல் லீக் ஆச்சுன்னா கழட்டுவாங்கண்ணா."

"தோட்டத்துல மெக்கானிக்கிட்ட பிரஸ் இருக்குமா?"

அவ்வளவுதான். ஒரே ஷாஃப்ட்டில் ஓரிடம் ஏன் இறுக்கம், இன்னோரிடம் ஏன் தளர்வு என்று அவனுக்கே பிடிபட்டுவிடும். அப்புறம் கே6ஐப் பார்த்தாலே, இங்கே என்னமோ நிரந்தரமாக உட்காரப் போகிறது என்று யோசிக்க ஆரம்பிப்பான். டிராயிங்கின் மூலையில் ஐஎஸ்ஓ 2768-எம் என்று ஒரு குறிப்பு இருக்கும். தனியாக டாலரன்ஸ், அதாவது கூடக்குறைய விடும் அளவு, போடாத அளவுகளுக்கெல்லாம் அதுதான் கணக்கு. 120 முதல் 400 மில்லி வரையுள்ள நீளத்துக்குக் கூட்டியோ குறைத்தோ அரை மில்லி விடலாம். இதைக் கவனிக்காமல் மொத்த நீளத்தை மில்லியில் நூறில் ஒரு பங்கு துல்லியத்துக்குக் கொண்டுவர அரை மணி நேரம் முனையைச் சீவி ஃபேசிங் போட்டுவிட்டு, பேரிங் சீட்டில் அவசரப்படுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்காது. உழைப்பில் குறையே இல்லை. போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை.

அந்த மூலையை, டைட்டில் பிளாக்கை, முதலில் படி என்று நான் ஓயாமல் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் நாட்டு டிராயிங்குகள் பெரும்பாலும் ஃபர்ஸ்ட் ஆங்கிள்; இடப்பக்கத்திலிருந்து பார்த்த தோற்றத்தை வலப்பக்கம் வரைவார்கள். அமெரிக்கக் கம்பெனிகளுடையது தேர்ட் ஆங்கிள்; வலப்பக்கத்திலிருந்து பார்த்ததை வலப்பக்கமே வரைவார்கள். முனை வெட்டிய கூம்பு ஒன்றும் இரண்டு வட்டங்களும் கொண்ட சின்னக் குறிதான் எது என்று சொல்லும். எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் ஏற்றுமதிக்கான பிராக்கெட் ஒன்று வந்தது. வலப்பக்கம் வரைந்திருந்த படம் வலப்பக்கத்திலிருந்தே பார்த்தது. பழக்கத்தில் அதை இடப்பக்கத்துத் தோற்றம் என்று எடுத்துக்கொண்டார்கள். அளவு ஒவ்வொன்றும் சரி, ஃபினிஷிங் அருமை, ஆனால் பொருள் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலம் மாறிப்போனது. அந்த பேட்ச் முழுவதும் ஸ்கிராப்புக்குப் போனது. அங்கே வேலை செய்தவர்கள் கைதேர்ந்த ஆட்கள் என்பதால்தான் எனக்கு அது இன்னும் வலிக்கிறது.

இப்போது டிராயிங் வாட்ஸ்அப்பில் வருகிறது. வாடிக்கையாளர் மேஜையிலிருக்கும் தாளைப் போனில் படமெடுத்து அனுப்புகிறார். டைட்டில் பிளாக் பாதி வெட்டுப்பட்டிருக்கும். 0.1ஆ 0.01ஆ என்று புள்ளியைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். எந்தத் திருத்தம் என்று சொல்லும் ரிவிஷன் எழுத்து தெரியவே தெரியாது. போன மாதம் வந்த படமும் இன்று வந்த படமும் ஒரே குரூப்பில் கிடக்கும். இதில் நான் கறாராக இருக்கிறேன்: முழு பிடிஎஃப் வந்து, பிரிண்ட் எடுத்து, பழைய தாளைக் கிழித்துப் போட்ட பிறகுதான் மெட்டீரியல் வெட்டுவோம். ஒரு மணி நேரம் தாமதமாகும். ஆகட்டும்.

வரைகிறவர்களிடமும் ஒரு வார்த்தை. எல்லா அளவுக்கும் 0.01 மில்லி டாலரன்ஸ் போட்டுவிட்டால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். எல்லாமே முக்கியம் என்றால் எது முக்கியம் என்று நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? லேத்தில் முடிய வேண்டியது கிரைண்டிங்குக்குப் போகும், விலை ஏறும். இந்த விஷயத்தில் ஸ்டான்லி பார்க்கர் என்பவரை நினைத்துக்கொள்வேன். ஸ்காட்லாந்தில் டார்பிடோ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சரியாகப் பொருந்தக்கூடிய பாகங்களையும் இன்ஸ்பெக்‌ஷனில் தள்ளுகிறார்களே என்று யோசித்தவர். துளையின் மையம் இரு திசையிலும் கூட்டியோ குறைத்தோ 0.1 தள்ளலாம் என்றால் கிடைப்பது ஒரு சதுரம். அதன் மூலையில் மையம் இருந்தால் பாஸ். அதே தூரம் நேர் பக்கவாட்டில் தள்ளியிருந்தால் ரிஜெக்ட். போல்ட்டுக்குத் திசை ஏது? அந்த மூலைகளைத் தொடும் வட்டத்தையே எல்லையாகக் கொடுத்தால் இடம் 57 சதவீதம் கூடுகிறது, பாகமும் பொருந்துகிறது. இன்று ஃப்ளேஞ்ச் டிராயிங்குகளில் கட்டத்துக்குள் வரும் பொசிஷன் குறி இந்த யோசனையிலிருந்து வந்ததுதான். வேலைசெய்கிறவனுக்கு நியாயம் செய்கிற குறி அது.

எங்கள் பட்டறையில் இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். நம் ஊர் டர்னருக்கும் அவர்களுக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. தாளை நடுவில் விரித்து, டேட்டம் முகத்தைப் பென்சிலால் தொட்டுக் காட்டினால் போதும், எதிலிருந்து அளக்க வேண்டும் என்ற பேச்சே தேவையில்லை.

அவர்களில் ஒரு பையன் ஒரு ஷாஃப்ட் டிராயிங்கோடு வந்தான். படிப்படியான நீளங்கள் 42, 118, 65, 30. மொத்தம் 250 என்று போட்டிருந்தது. கூட்டினால் 255 வருகிறது என்றான். ஏதோ ஒன்றில் ஐந்தைக் கழித்துப் போடு என்பது பட்டறைகளின் பழைய வழக்கம். எதில் கழிப்பது என்று கேட்டான். டிசைனருக்குப் போன் போட்டு அவன் கையிலேயே கொடுத்தேன். 118 இரண்டு பேரிங்குக்கு நடுவே உள்ள தூரம், பாடியில் முடிவானது, தொடவே கூடாது. போன ரிவிஷனில் 65ஐ 60 ஆக்க முடிவுசெய்தவர்கள் மொத்தத்தை மட்டும் திருத்திவிட்டு 65ஐத் திருத்த மறந்திருக்கிறார்கள். மத்தியானத்துக்குள் ரிவிஷன் சி வந்துவிட்டது. பேரிங் முட்டி நிற்கும் தோளில் 2 மில்லிக்கு அண்டர்கட் என்ற பள்ளம் கொடுத்தால் உங்கள் டூல் போகுமா என்பது மாதிரிக் கேள்விகளை அந்த டிசைனர் இப்போது வரைவதற்கு முன்பே அவனிடம் கேட்டுவிடுகிறார்.