அண்ணாமலைநகரின் பெரியவர்களைப் பதிவு செய்த அனுபவம்

சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகரின் வரலாற்றைத் தேடினால் 1920இல் வந்த மீனாட்சி கல்லூரி, 1929இல் தொடங்கிய பல்கலைக்கழகம், ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் கொடை, விபுலானந்த அடிகள் தமிழ்ப் பேராசிரியராக இருந்தது எல்லாம் கிடைத்துவிடும். விடுதியில் சோறு வடித்தவரும், ஆய்வகத்தில் குடுவை கழுவியவரும், வாசலில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியவரும் கண்டது எழுத்தில் இல்லை. அவர்களில் பலருக்கு எண்பது தாண்டிவிட்டது. அதனால்தான் நண்பர்கள் சிலர் சேர்ந்து பேச்சைப் பதிவு செய்யத் தொடங்கினோம்.

கருவிக்குப் பெரிய செலவில்லை. சின்ன ரெக்கார்டர், சட்டையில் மாட்டும் மைக் போதும். ஒலியைச் சுருக்கிவிடும் எம்பி3 வேண்டாம், சுருக்காத வேவ் கோப்பாக 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதியுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி வரும். ஃபேனை நிறுத்தச் சொல்வதுதான் சங்கடம். சித்திரை வெயிலில் வயதானவரை வியர்க்க விட முடியுமா? அதனால் காலையிலேயே போய்விடுவோம்.

ஒப்புதல் படிவத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டி, அவர் சரி என்று சொல்வதையும் பதிவில் சேர்த்துவிடுவது நல்லது. ஒரு பாட்டி, கூலித் தகராறு பற்றிச் சொன்னதைத் தன் காலத்துக்கு அப்புறம்தான் வெளியிட வேண்டும் என்றார். அந்தப் பகுதியைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம்.

எங்களுக்கு முக்கியமாக இருந்தது 1965. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் ஜனவரி 27 அன்று மாணவர் இராசேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்; பல்கலைக்கழகத்தின் முன் அவருக்குச் சிலை இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டதும் எல்லோரும் மேடையில் கேட்டதைத்தான் திருப்பிச் சொன்னார்கள். மெஸ்ஸில் வேலை பார்த்த பெரியவர் ஒருவரும் அப்படித்தான் ஆரம்பித்தார். “ஐயா, அன்னைக்கு மெஸ்ஸுல என்ன சமையல்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “கத்திரிக்கா சாம்பார் தம்பி. அண்டா அப்படியே நின்னுச்சு, திங்க ஆளு வரல” என்றார். பிறகு நாங்கள் கேட்க வேண்டியிருக்கவில்லை. பையன்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பியது, பஸ்ஸுக்குக் காசில்லாதவர்களுக்குச் சமையல்காரர்கள் கைமாற்றாகக் கொடுத்தது, கல்லூரி திறந்ததும் அந்தக் காசு திரும்பி வந்தது என்று பேசிக்கொண்டே போனார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் இடையிடையே அப்பாவைத் திருத்தப் பார்த்தார். அவரை மென்மையாகத் தடுத்துவிட வேண்டும். திருத்த ஆரம்பித்தால் பெரியவர் வாயை மூடிக்கொள்வார். துப்பாக்கிச் சத்தம் கேட்ட நேரத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். அதையெல்லாம் ஒன்றாக்கவில்லை. அன்றைய செய்தித்தாளோடு ஒப்பிட்டுக் குறிப்பு மட்டும் சேர்க்கிறோம்.

எழுத்தாக்குவதுதான் முதுகை ஒடிக்கிற வேலை. ஒரு மணி நேரப் பேச்சு முழு நாளை விழுங்கிவிடும். ‘நின்னுச்சு’ என்பதை ‘நின்றது’ என்று மாற்றுவதில்லை. ஓரத்தில் நிமிடக் கணக்கு போடுகிறோம். கோப்புக்கு மூன்று பிரதி. அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கிறது. அது போக, பேசியவர் வீட்டுக்கு ஒரு பென்டிரைவ். மெஸ் பெரியவரின் பேத்தி அதைக் கேட்டுவிட்டு, தாத்தாவிடம் இன்னும் கேட்க வேண்டியதை எழுதியே கொடுத்துவிட்டாள். அடுத்த பதிவில் கேள்வி கேட்கப் போவது அவள்தான்.